தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் போதாதா?

மலையகத்தில் அட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது கொழும்பு மட்டக்குளியில் வாடகைக்கு இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "சமஷ்டி நாடுகளில் மத்திய அரசாங்கம் மாநிலங்களுக்குக் கொடுக்கும் பணத்தை எப்படி நியாயமாகப் பிரிக்கிறார்கள்? ஆட்களை எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டால் சண்டையே வராதே? மாநிலத்துக்கு வந்த பணம் அதற்குள் இருக்கும் பின்தங்கிய இடத்துக்குப் போகாவிட்டால் யாரைக் கேட்பது? நம் மாகாண சபைகளிலும் இதே கதைதானா?"

நான் ஒரு மாகாணத் திணைக்களத்தின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன். இப்போது ஓய்வுபெற்று வெள்ளவத்தையில் இருக்கிறேன். பேப்பர் வந்தால் வரவுசெலவுத் திட்டச் செய்தியை முதலில் தேடுகிற வியாதி மட்டும் இன்னும் போகவில்லை. ஆகவே பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தலைக்கணக்கை எடுப்போம். அதில் ஒரு நேர்மை இருக்கிறது, மறுக்கவில்லை. யாருக்கும் விளங்கும், யாரும் உள்ளே கைவைக்க முடியாது. ஆனால் ஒரு மூட்டை சீமெந்தை நினைத்துப் பாருங்கள். கொழும்பில் கடை விலையோடு ஆட்டோக் கூலி சேர்ந்தால் வேலை முடிந்தது. அதே மூட்டை நெடுந்தீவுப் பாடசாலைக்குப் போக வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்திலிருந்து லொறிக் கூலி, குறிகட்டுவானில் இறக்குகூலி, படகில் ஏற்றுகூலி, படகுக் கூலி, தீவில் மறுபடி இறக்குகூலி. கடல் கொந்தளித்தால் இரண்டு நாள் காத்திருப்பு. தலைக்கு ஒரே தொகை கொடுத்தால் கொழும்பில் சுவர் எழும்பும், நெடுந்தீவில் அத்திவாரத்தோடு நிற்கும். அதனால் எண்ண வேண்டியவை மூன்று: எத்தனை பேர், அவர்கள் சொந்தமாக எவ்வளவு வரி திரட்ட முடியும், அவர்களுக்குச் சேவை கொடுக்க எவ்வளவு செலவாகும். எந்த நாட்டின் சூத்திரத்தைப் பிரித்தாலும் உள்ளே இந்த மூன்றும்தான் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும்.

கனடா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. 1957இல் தொடங்கிய அவர்களின் சமப்படுத்தல் திட்டம், ஒரு மாகாணம் சராசரி வரி விகிதத்தில் எவ்வளவு திரட்ட முடியும் என்று பார்க்கிறது. குறைந்தால் மத்திய அரசு நிரப்புகிறது. எந்த மாகாணத்தில் குடியிருந்தாலும் ஏறத்தாழ ஒரே வரிக்கு ஏறத்தாழ ஒரே தரமான சேவை கிடைக்க வேண்டும் என்பதை 1982இல் அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். நம் ஆட்கள் நிறைந்திருக்கும் ரொறன்ரோவைக் கொண்ட ஒன்டாரியோகூட 2009-10இல் வாங்கும் வரிசைக்கு வந்தது. பணக்கார மாகாணம் என்று யாருக்கும் நிரந்தரப் பட்டம் இல்லை.

அவுஸ்திரேலியா மூன்றையும் பார்க்கிறது. அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1933 ஏப்ரலில் மேற்கு அவுஸ்திரேலிய மக்கள் 'நாங்கள் பிரிந்து போகிறோம்' என்று மூன்றில் இரண்டு பங்குக்கு வாக்களித்தார்கள். பிரிவு நடக்கவில்லை. ஆனால் அதே ஆண்டில் மாநிலங்களின் பங்கைக் கணக்கிட ஒரு சுயாதீன மானிய ஆணைக்குழு அமைந்தது. 2000இலிருந்து பொருட்கள் சேவைகள் வரியின் வருமானத்தை அதன் கணக்கின்படிதான் பிரிக்கிறார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இரும்புத் தாதால் மேற்கு அவுஸ்திரேலியா கொழுத்தது. 2015-16இல், தலைக்கணக்கின்படி ஒரு டொலர் வர வேண்டிய இடத்தில் அந்த மாநிலத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 30 சதம். அதே ஆண்டில் வட பிராந்தியத்துக்கு 5 டொலருக்கும் மேல். மேற்கு போட்ட கூச்சலில் 2018இல் சட்டத்தை மாற்றி, யாருக்கும் 70 சதத்துக்குக் குறையாது, பிறகு 75 சதத்துக்குக் குறையாது என்று அடித்தளம் போட்டுக் கொடுத்தார்கள். எத்தனை நுணுக்கமான கணக்காக இருந்தாலும் வாக்குப் பலம் உள்ளவன் சத்தம் போட்டால் வளையும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அமெரிக்காவில் இப்படி ஒரே பானை கிடையாது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனிச் சூத்திரம். ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்புறுதியில், மாநிலத்தின் தலா வருமானம் குறையக் குறைய மத்திய பங்கு ஏறும். சராசரி வருமானமுள்ள மாநிலத்துக்கு 55 சதவீதம், எவ்வளவு பணக்கார மாநிலமானாலும் 50க்குக் குறையாது, 83ஐத் தாண்டாது. இது பரவாயில்லை என்பேன்.

பரவாயில்லை என்று சொல்ல முடியாதது 2020 கொரோனா உதவி. மாநிலங்களுக்கும் பிராந்தியங்களுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் என்று 150 பில்லியன் டொலர் ஒதுக்கினார்கள். அடிப்படையில் தலைக்கணக்கு, ஆனால் எந்த மாநிலத்துக்கும் 1.25 பில்லியனுக்குக் குறையக் கூடாது என்று ஒரு வரி. வையோமிங்கில் ஆறு இலட்சம் பேர்கூட இல்லை. தலைக்கு 2,000 டொலருக்கு மேல் விழுந்தது. கலிபோர்னியாவில் தலைக்கு 400 டொலரை எட்டவில்லை. வையோமிங்கைவிட அதிகம் பேர் வாழும் வாஷிங்டன் நகரத்தை, அது மாநிலம் இல்லை என்ற காரணத்தால் பிராந்தியங்களின் பானைக்குள் தள்ளிவிட்டார்கள். அதற்குக் கிடைத்தது சுமார் அரை பில்லியன். இத்தனைக்கும் அங்கே செனட் சபையில் வையோமிங்குக்கும் கலிபோர்னியாவுக்கும் ஆளுக்கு இரண்டு ஆசனம். வாஷிங்டன் நகரத்துக்கு ஒன்றும் இல்லை. பங்கு எப்படிப் பிரிந்தது என்று இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? அடுத்த வருடம் 350 பில்லியனைக் கொடுத்தபோது அந்தக் குறையை நகரத்துக்கு ஈடுசெய்தார்கள். மாநிலங்களின் பங்கில் பெரும்பகுதியை வேலையில்லாதோர் தொகையை வைத்துப் பிரித்தார்கள்.

ஆளை எண்ணாமல் 'அலகுக்கு ஒன்று' என்று கொடுக்கிற இந்த நோய் உங்கள் ஊருக்கு நன்றாகத் தெரியும், தங்கச்சி. 2018 வரைக்கும் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகளிலும் தலா இரண்டு இலட்சத்துக்கு மேல் மக்கள். நாட்டின் வேறு பக்கங்களில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சபைகள் உண்டு. கொழும்பிலிருந்து 'சபைக்கு ஒரு தண்ணீர் பவுசர்' என்று ஒரு திட்டம் வந்தால், கேட்க என்ன அழகான சமத்துவம்! ஒரு பவுசர் பதினையாயிரம் பேருக்கு ஓடும், இன்னொரு பவுசர் இரண்டு இலட்சம் பேருக்கு ஓடும். போராடிப் போராடித்தான் அந்த இரண்டும் ஆறாகின: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஒரு பக்கம், அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா மறுபக்கம். எல்லை கீறுவது வெறும் நில அளவை என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். எல்லை எங்கே விழுகிறதோ அங்கேதான் காசும் விழுகிறது.

இப்போது நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என் கண்ணுக்கு இதுதான் முதலாவது கேள்வி.

அவுஸ்திரேலியாவின் வட பிராந்தியத்துக்கு ஒரு டொலர் வர வேண்டிய இடத்தில் 5 டொலர் என்றேனே, அது ஏன்? அங்கே தொலைதூரக் குடியிருப்புகளில் வாழும் ஆதிக்குடிகளுக்குச் சேவை கொடுக்க அதிகம் செலவாகும், அவர்களின் சுகாதாரம் மோசம், பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள். கணக்கில் இதெல்லாம் ஏறித்தான் பங்கு பெருத்தது. ஆனால் அந்தப் பணம் நிபந்தனையில்லாத பணம். பிராந்திய அரசு அதை எங்கே வேண்டுமானாலும் செலவழிக்கலாம். ஆதிக்குடிகளின் பெயரில் வந்த பணத்தில் ஒரு பகுதி தலைநகரான டார்வினிலேயே தங்கிவிடுகிறது என்ற குற்றச்சாட்டு அங்கே பல வருடங்களாக இருக்கிறது. கலியாண வீட்டில் இலையை எண்ணும்போது அவர்களையும் சேர்த்து எண்ணினார்கள். பரிமாறும்போது வாளி அந்தப் பந்திப் பக்கம் போகவில்லை.

மலையகத்தில் நடந்ததும் அச்சொட்டாக இதே. மத்திய மாகாணத்தின் சனத்தொகையை எண்ணும்போது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர்களும் எண்ணப்பட்டார்கள். மாகாணத்தின் வறுமையை அளக்கும்போது அவர்களின் வறுமையும் அளக்கப்பட்டது. பிரதேச சபைத் தேர்தலில் அவர்கள் வாக்கும் போட்டார்கள். ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபையின் பணத்தைப் போட முடியாது என்று சொல்லிவிடுவார்கள். தார் வீதி தோட்டத்து எல்லை வரைக்கும் வரும். அங்கிருந்து லயத்துக்குக் கல்லும் சேறும். பிரசவ வலியெடுத்த பெண்ணை அந்தத் துண்டு வழிக்குத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். உங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு கதை இருக்கும். 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சபைகள் தோட்டத்துக்குள் வேலை செய்ய வழி பிறந்தது. முப்பது வருடம் பிடித்த ஒரு சின்னத் திருத்தம்.

நம் நாட்டில் மேல்மட்டக் கணக்கு எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 1987இல், மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு நிதி ஆணைக்குழு வந்தது. ஐந்து பேர்: மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று பிரதான சமூகங்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் மூவர். மாகாணங்களின் பிரதிநிதி என்று ஒருவரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சனத்தொகை, தலா வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வை படிப்படியாகக் குறைக்கும் தேவை, அதிக வருமானமுள்ள மாகாணத்துக்கும் மற்றவற்றுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் தேவை ஆகிய நான்கையும் பார்த்துப் பங்கிடும் கொள்கையை அவர்கள் வகுக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கனடாவின் வாசகத்துக்கு ஒன்றும் குறைந்ததில்லை.

நடைமுறையில் மூன்று இடத்தில் ஓட்டை. மாகாணத்துக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி மீண்டுவரும் செலவுக்கு, அதிலும் ஆசிரியர், சுகாதார ஊழியர் சம்பளத்துக்கே போய்விடும். சம்பளம் எங்கே ஆள் இருக்கிறதோ அங்கே போகும். எங்கே ஆசிரியர் வெற்றிடம் இருக்கிறதோ அங்கே காசும் போகாது. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலை இரண்டு முறை இழக்கிறது. அடுத்தது, மாகாணத்துக்குள் நடக்கும் செலவில் கணிசமானதை நிரல் அமைச்சுகள், அதாவது மத்திய அரசாங்கத்தின் அமைச்சுகள், நேரடியாகச் செய்கின்றன. பெரிய வீதிகள், தேசிய பாடசாலைகள், பெரிய வைத்தியசாலைகள் எல்லாம் அங்கே. அந்தப் பணத்துக்கு நிதி ஆணைக்குழுவின் கணக்கு பொருந்தாது, அமைச்சர் எந்த ஊர்க்காரர் என்பது பல தடவை பொருந்தும். 1974இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத் திட்டத்திலிருந்து எம்.பி.மாருக்கு ஒதுக்கீடு என்கிற பழக்கமும் கூடவே வந்தது. ஒதுக்கீடு எம்.பி.யின் தலைக்கு என்றால், எம்.பி. எண்ணிக்கை குறையும் மாவட்டத்துக்குப் பணமும் குறையும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு ஒரு காலத்தில் 9 ஆசனம், 2024இல் 6.

இந்த இடத்தில் தலைக்கணக்கின் இன்னொரு கோணம். 1991இல் நாட்டில் குடிசன மதிப்பீடே நடக்கவில்லை. 2001இல் வடக்கு கிழக்கின் பல மாவட்டங்களில் முழுமையாக நடக்கவில்லை. 1981இல் பதினொரு இலட்சத்தைத் தாண்டியிருந்த வட மாகாணம், 2012இல் எண்ணியபோது பத்தரை இலட்சம் சொச்சம். முப்பது வருடத்தில் நாடு வளர்ந்தது, அந்த மாகாணம் சுருங்கியது. செத்தவர்களும் போனவர்களும் போக மிஞ்சியவர்களை எண்ணி, 'உங்கள் தலை குறைவு, பங்கும் குறைவு' என்று சொன்னால் கணக்கு சரி, நியாயம்தான் இடிக்கிறது. இந்தியாவிலும் இதே வாதம் வேறு காரணத்துக்காக நடக்கிறது. அங்கே 15ஆவது நிதி ஆணைக்குழு 1971 சனத்தொகையை விட்டு 2011க்கு வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த தமிழ்நாடு, 'நல்ல பிள்ளையாக இருந்ததற்குத் தண்டனையா' என்று கேட்டது. சமாதானத்துக்கு, பிறப்பைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்கு சூத்திரத்தில் 12.5 சதவீத இடம் வைத்தார்கள். ஆனால் ஏழை மாநிலத்துக்கு அதிகம் தரும் வருமான இடைவெளிக்கு 45 சதவீதம். 2021-26 காலத்தில் பகிர்ந்த வரியில் உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 4.079. தமிழ்நாட்டின் ஆத்திரம் புரிகிறது. ஆனால் பீகாரில் ஒரு பிள்ளைக்கு அதிகம் கொடுப்பது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பணம் பீகாரில் அந்தப் பிள்ளையிடம் போகிறதா என்றுதான் கேட்பேன்.

மூன்றாவது ஓட்டைதான் நான் கையால் தொட்டுப் பார்த்தது. ஒதுக்கீடு என்பது கடதாசி. காசு என்பது கட்டுநிதி, அதாவது செலவழிக்க மேலிருந்து உண்மையில் வந்து சேரும் பணம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வருடமே ஓடிவிடும்.

ஒரு பாடசாலைக்கு மலசலகூடமும் தண்ணீர்த் தாங்கியும் கட்ட ஒதுக்கீடு வந்தது. எந்த வருடம், எந்த இடம் என்பது வேண்டாம். ஜனவரியில் கடிதம். மதிப்பீடு, அங்கீகாரம், கேள்விப்பத்திரம் (டெண்டர்) எல்லாம் முடிய மே ஆகிவிட்டது. ஒரு சின்னக் கொந்தராத்துக்காரர், நல்ல மனிதர், செப்டெம்பரில் வேலையை முடித்துப் பில்லைப் போட்டார். மேலிருந்து கட்டுநிதி வரவில்லை. ஒக்டோபர், நவம்பர், கிழமைக்கு இரண்டு தரம் வந்து என் மேசைக்கு முன்னால் இருப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, 'சேர், இன்றைக்கு ஏதும்?' என்று மட்டும். மூன்றாம் மாதம் அவருடைய மோட்டார் சைக்கிள் இல்லை, பஸ்ஸில் வந்தார். அடகு என்று பியோன் சொன்னார். டிசம்பர் 30 பின்னேரம் போன் வந்தது, காசு வருகிறது, நாளைக்குள் எழுதி முடியுங்கள் என்று. ஆனால் கேட்டதில் பாதிதான் வந்தது. இரவு பதினொரு மணி வரைக்கும் இருந்து காசோலை எழுதினோம். அவருடைய பில் அந்தப் பாதிக்குள் வரவில்லை. அடுத்த வருட ஒதுக்கீட்டில் முதல் கடனாக அது ஏறியது.

அடுத்த கேள்விப்பத்திரத்துக்கு அவர் முன்னையதைவிட நல்லாக் கூட்டி விலை போட்டார். பிழை சொல்ல முடியுமா? காசு எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் வட்டியையும் சேர்த்துத்தானே விலை சொல்வான். இப்படித்தான் ஒரே பத்து இலட்சம் ரூபா, நேரத்துக்குக் காசு கிடைக்கும் இடத்தில் இரண்டு தாங்கியாகும், பிந்திக் கிடைக்கும் இடத்தில் ஒன்றரைத் தாங்கியாகும். எந்தச் சூத்திரத்திலும் இது தெரியாது. சொந்த வருமானமுள்ள மாகாணத்துக்கு இந்த அடி அவ்வளவாக விழாது. கட்டுநிதி பிந்தினாலும் கையிலிருப்பதை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். வியாபாரங்களின் விற்பனைத் தொகையில் மாகாணங்கள் தாங்களே அறவிட்ட புரள்வு வரியை 2011இல் எடுத்துவிட்டு, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு தருகிறோம் என்றார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியையே நீக்கிவிட்டார்கள். அதே 2019க்குள் ஒன்பது மாகாண சபைகளின் பதவிக்காலமும் முடிந்து, பிறகு பல வருடங்களாக ஆளுநர்களின் கையில். கேட்பதற்கு வாயும் இல்லை, செலவழிக்கச் சொந்தக் கையும் இல்லை.

சரி, மட்டக்குளிக்கு வருவோம். மேல் மாகாணத்தில் நாட்டின் நூறு பேரில் 28 பேர் இருக்கிறார்கள். நாட்டின் உற்பத்தியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இங்கிருந்துதான். ஆகவே ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் எந்தக் கணக்கிலும் நாங்கள் கடைசி. அது நியாயம்தான். ஆனால் கொழும்பில் 'தோட்டம்' என்றால் தேயிலை இல்லை என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். சந்துக்குள் சந்து, பொதுக் குழாய், நாலைந்து குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ். துறைமுக நகரத்துக் கட்டடத்தின் வருமானமும் அந்தச் சந்தின் வருமானமும் ஒரே சராசரிக்குள் விழுகின்றன. கடந்த வெள்ளம் ஒன்றின்போது எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. வாசலில் ஒரே இலக்கம், உள்ளே மூன்று அடுப்பு. மூத்த மகன் குடும்பம், இளையவன் குடும்பம், பின்னறையில் வாடகைக்கு இருந்த ஒரு அம்மாவும் பிள்ளையும். நிவாரணப் பதிவுக்கு வந்தவர் 'இலக்கத்துக்கு ஒன்று' என்றார். அவர் கெட்டவரில்லை, படிவத்தில் அப்படித்தான் இருந்தது. பொதி மூத்தவர் கையில் போனது. அம்மாவுக்கு ஒரு பால்மா பக்கெட் வந்தது, அதுவும் மூத்தவரின் மனைவி இரங்கிக் கொடுத்தது. வையோமிங்கில் மாநிலம் என்ற அலகு, அம்பகமுவவில் சபை என்ற அலகு, இங்கே வாசல் இலக்கம்.

இதை அதிகாரத்திலிருப்பவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்களா, அறியாமல் செய்கிறார்களா என்று கேட்டால், விளைவு ஒன்றாகத்தான் இருக்கிறது. டெக்சாஸ் கதை அதற்கு நல்ல உதாரணம். 2017 ஹார்வி புயலில் ஹூஸ்டன் நகரம் மூழ்கியது. இனி வெள்ளம் வராமல் தடுக்கும் வேலைகளுக்கு சமஷ்டி அரசாங்கம் டெக்சாஸுக்குப் பணம் கொடுத்தது. மாநிலம் அதைப் போட்டி வைத்துப் பிரித்தது. 2021இல் முதல் சுற்றில் சுமார் ஒரு பில்லியன் டொலர். ஹூஸ்டனுக்குக் கிடைத்தது பூச்சியம். புள்ளிக் கணக்கில் ஒரு வரி அப்படி: ஒரு திட்டத்தால் அந்த ஊரின் சனத்தொகையில் எத்தனை சதவீதம் பேர் பயனடைகிறார்கள்? இரண்டாயிரம் பேர் வாழும் ஊரில் ஒரு வடிகால் ஊர் முழுவதையும் காப்பாற்றும், புள்ளி முழுசாக விழும். இருபது இலட்சத்துக்கு மேல் வாழும் நகரத்தில் ஐம்பதாயிரம் பேரைக் காப்பாற்றும் வடிகாலுக்குப் புள்ளி பெயருக்குத்தான் விழும். 2022 மார்ச்சில் சமஷ்டி வீட்டமைப்புத் திணைக்களம், இந்தப் புள்ளிமுறை கறுப்பின, ஹிஸ்பானிய மக்களுக்குப் பாரபட்சமானது என்று முடிவு செய்தது. மாநிலம் மறுத்தது. ஆனால் பாருங்கள், யாரும் இனத்தின் பெயரை எழுதவில்லை. ஒரு சதவீதக் குறி போதுமாக இருந்தது.

அமெரிக்கர்கள் இதில் ஒன்றைப் பிறகு சரியாகச் செய்தார்கள் என்று நினைக்கிறேன். 2021இன் 350 பில்லியனில் நகரங்களுக்கும், மாவட்டம் மாதிரியான கவுண்டிகளுக்கும் தனிப்பங்கு வைத்தார்கள். ஐம்பதாயிரத்துக்குக் குறைந்த சின்ன ஊர்களின் பணம் மட்டும் மாநிலத்தின் கையால் போக வேண்டும். ஆனால் மாநிலம் அதைத் தன் விருப்பப்படி மாற்ற முடியாது, சனத்தொகைப்படி 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தபால்காரன் மாதிரி. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடு, பிரித்துப் பார்க்காதே.

கேரளம் வேறு வழியில் போனது. 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளூராட்சிக்கு என்று ஒதுக்கினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு என்பதைப் பெயர் பெயராக வரவுசெலவுத் திட்டத்தின் நான்காம் பின்னிணைப்பில் அச்சடித்ததுதான். ஒரு பஞ்சாயத்துக்காரர் அந்தப் பக்கத்தைப் பிரித்து, தன் ஊர்ப் பெயருக்கு நேரே விரலை வைத்து, 'இதோ என் பணம், எங்கே?' என்று கேட்கலாம். நம் நாட்டு மதிப்பீட்டுப் புத்தகத்தில் மாகாணத்தின் பெயர் இருக்கும். மஸ்கெலியாவின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

நேரே ஆளின் வங்கிக் கணக்குக்கே போட்டுவிடலாமே என்பீர்கள். 2023 ஜூலையில் தொடங்கிய நம் நாட்டு நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும அப்படித்தான். நடுவில் கைகள் குறைகின்றன, நல்லது. ஆனால் வங்கிக் கணக்குக்குத் தார் போட முடியாது. வீதியும் குழாயும் தாய்சேய் நிலையமும் யாரோ ஒரு சபை கட்ட வேண்டியவைதான்.

ஆக, யாரைக் கேட்பது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீங்கள் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும். ஆனால் 'எங்கள் பகுதிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கு ஒரு பெரிய தொகையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள், நானே அப்படிப் பதில் தயாரித்திருக்கிறேன். இப்படி எழுதுங்கள்: இந்த வருடம் இந்தப் பிரிவுக்கு எந்தெந்த வேலைக்கு ஒதுக்கீடு, ஒவ்வொன்றுக்கும் கட்டுநிதி வந்த திகதி என்ன, வந்த தொகை என்ன, ஒவ்வொரு வேலையும் எந்த கிராம சேவகர் பிரிவில், எத்தனை குடும்பத்துக்கு, வருட முடிவில் கொடுபடாமல் நின்ற பில் எத்தனை. மட்டக்குளிக்கு ஒன்று மாநகர சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் தனித்தனியாக. ஊருக்கு ஒன்று உங்கள் அம்மா இருக்கும் தோட்டம் எந்தச் சபைக்குள் வருகிறதோ அந்தச் சபைக்கு. அம்மாவின் கடிதத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 2018 திருத்தத்துக்குப் பிறகு இன்றுவரை தோட்ட எல்லைக்குள் சபை போட்ட வீதி எத்தனை மீற்றர்.

பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். திகதிப் பத்தியை நான் வாசித்துத் தருகிறேன்.